பங்குப் பேரவையின் வாக்கு ஆலோசனை வாக்குதான் என்றால், அந்தப் பேரவை எதற்கு?

கத்தோலிக்கத் திருஅவையில் ஓர் ஆலயத்தைச் சேர்ந்த மக்கள் சமூகத்தைப் பங்கு என்கிறோம்; அதன் பொறுப்புக் குரு பங்குத்தந்தை, அவருக்கு ஆலோசனை சொல்லும் குழு பங்குப் பேரவை. அத்தகைய பேரவையில் இரண்டு ஆண்டுகளாக உறுப்பினராக இருக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. ஆலயக் கூரை ஒழுகுகிறது. அதைச் சீரமைக்கவென்று நிதியும் திரட்டப்பட்டிருக்கிறது. கூரை வேலையைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்று பேரவையில் 14 பேர் ஆதரவாகவும் 3 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். ஆனால் பங்குத்தந்தை சமூகக்கூடம் கட்டும் வேலையைத் தொடங்கிவிட்டார். கேட்டபோது, "பேரவையின் வாக்கு ஆலோசனை வாக்குதான், முடிவெடுப்பது நான்" என்று சொல்லியிருக்கிறார். இது உண்மைதானா, உண்மையென்றால் மாதாமாதம் இரண்டு மணிநேரம் உட்கார்ந்து பேசுவது எதற்கு என்பது அவருடைய கேள்வி.

இதற்குள் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. சட்டம் என்ன சொல்கிறது என்பது ஒன்று. அப்படிப்பட்ட சட்டத்துக்குள் பேரவையால் உண்மையில் என்ன செய்ய முடியும் என்பது இரண்டாவது. அவர் நேராகக் கேட்காவிட்டாலும் எழுத்தில் தெரிகிற மூன்றாவது கேள்வி, இதில் தொடர்வதா விலகுவதா என்பது. நான் குரு அல்ல, பொதுநிலையினருள் ஒருவன். திருஅவைச் சட்டத்தை முறையாகப் படித்தேன். ஒரு பங்கில் 6 ஆண்டுகள் பேரவைச் செயலராக இருந்தேன். அதன்பின் 18 ஆண்டுகளாகப் பேரவை உறுப்பினர்களுக்கும் இளம் பங்குத்தந்தையருக்கும் பயிற்சி வகுப்புகள் நடத்திவருகிறேன். இந்தக் கேள்வியை இதே சொற்களில் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கேட்டவரின் குரலில் இருந்த வருத்தம் நியாயமானதாகவே எனக்குப் பட்டது.

சட்டத்தைப் பொறுத்தவரை உங்கள் பங்குத்தந்தை சொன்ன சொற்கள் சரியானவை. கத்தோலிக்கரில் மிகப் பெரும்பாலோர் சேர்ந்திருக்கும் இலத்தீன் திருஅவைக்காகத் திருத்தந்தை இரண்டாம் ஜான்பால் 1983இல் வெளியிட்ட திருஅவைச் சட்டத் தொகுப்பின் 536ஆம் எண், பங்கு மேய்ப்புப்பணிப் பேரவையைப் பற்றியது. பல பங்குகளைக் கொண்ட மறைமாவட்டத்தின் தலைவரான ஆயர் தம் குருக்கள் மன்றத்தைக் கேட்டறிந்தபின் தகுந்தது என்று கருதினால், ஒவ்வொரு பங்கிலும் இப்பேரவை நிறுவப்பட வேண்டும். பங்குத்தந்தை அதற்குத் தலைமை தாங்குவார். பங்கின் மேய்ப்புப்பணி வளர அது துணைசெய்யும். அதற்கு ஆலோசனை வாக்கு மட்டுமே உண்டு. ஆயர் வகுக்கும் விதிமுறைகளின்படி அது நடக்கும். இவ்வளவுதான் அந்த எண். அதை அடுத்துவரும் 537ஆம் எண்ணைப் பலர் வாசிப்பதே இல்லை. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு ஒன்று இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அங்கே 'ஆயர் தகுந்தது என்று கருதினால்' என்ற நிபந்தனை இல்லை. ஆக, உலகளாவிய சட்டத்தின்படி பேரவை ஆயரின் விருப்பத்தைச் சார்ந்தது, நிதிக்குழு கட்டாயமானது. குருக்களுக்கான பேராயம் 2020இல் பங்குகளைப் பற்றி வெளியிட்ட அறிவுறுத்தல், பங்குத்தந்தையைத் தவிர குறைந்தது 3 பேராவது நிதிக்குழுவில் இருக்க வேண்டும் என்கிறது. தனி வழிபாட்டு மரபுகள் கொண்ட சீரோ மலபார் போன்ற கீழைத் திருஅவைகளுக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 295ஆம் எண்ணோ, மேய்ப்புப்பணிக்கும் பொருளாதாரத்துக்கும் தகுந்த மன்றங்கள் பங்கில் இருக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, மற்றதை அந்தந்தத் திருஅவையின் தனிச்சட்டத்துக்கு விட்டுவிடுகிறது. நீங்கள் எந்த வழிபாட்டு மரபைச் சேர்ந்தவர் என்று எழுதவில்லை. இலத்தீன் மரபு என்று வைத்துக்கொண்டே மேலே எழுதுகிறேன்.

முடிவெடுக்கும் பொறுப்பைச் சட்டம் ஏன் பங்குத்தந்தையிடம் விட்டது என்று தெரிந்தால் கோபம் கொஞ்சம் தணியும் என்று நினைக்கிறேன். பங்கு ஆயரின் அதிகாரத்தின்கீழ் ஒரு குருவிடம் ஒப்படைக்கப்படுகிறது. அங்கே நடப்பதற்கெல்லாம் ஆயரிடம் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். பங்கின் சார்பில் சட்டப்படி கையெழுத்திடுபவரும் 532ஆம் எண்ணின்படி அவரே. அதோடு ஒரு கசப்பான வரலாற்று அனுபவமும் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் பல ஆலயச் சொத்துகள் பொதுநிலையினர் அறங்காவலர்களின் பெயரில் இருந்தன. எந்தக் குருவை வைத்துக்கொள்வது, யாரை அனுப்பிவிடுவது என்பதிலும் அவர்கள் உரிமை கோரினார்கள். பிலடெல்பியாவில் 1820களில் அது ஆயருக்கும் அறங்காவலர்களுக்கும் இடையே பெரிய பிளவாகவே வெடித்தது. 1829இல் ஆயர்கள் கூடிய முதலாவது பால்டிமோர் மாநிலச் சங்கம் அந்த முறைக்குக் கட்டுப்பாடு விதித்தது. பொதுநிலையினரிடம் பங்கின் நிர்வாகம் முழுவதையும் கொடுப்பது பற்றித் திருஅவை காட்டும் தயக்கத்தின் பின்னால் இத்தகைய நினைவுகளும் உண்டு. 1997இல் வத்திக்கானின் பல துறைகள் சேர்ந்து வெளியிட்ட அறிவுறுத்தல், பங்குத்தந்தை தலைமை தாங்காத அல்லது அவர் விருப்பத்துக்கு மாறாகக் கூடிய பேரவையின் முடிவுகள் செல்லாதவை என்று கண்டிப்பாகவே எழுதியது. ஆகவே, "நாமே ஒரு கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றிவிடலாம்" என்று உங்களில் யாராவது சொன்னால் அந்த வழியில் போகாதீர்கள். அந்தத் தீர்மானத்துக்கு எந்த மதிப்பும் இராது. மனக்கசப்பு மட்டும் மிஞ்சும்.

இவ்வளவும் ஒரு பக்கம். இனி, ஆலோசனை வாக்கு என்றால் எந்தப் பிடிமானமும் இல்லாத வாக்கு என்று பொருள்கொள்வது சரியா? சரியில்லை என்பதே என் உறுதியான கருத்து. ஆலோசனை கேட்பது திருஅவையில் நேற்று வந்த வழக்கமல்ல. 3ஆம் நூற்றாண்டின் நடுவில் கார்த்தேஜ் ஆயராக இருந்த புனித சிப்ரியான், தம் குருக்களின் ஆலோசனையும் மக்களின் ஒப்புதலும் இல்லாமல் தனிப்பட்ட கருத்தின்படி எதையும் செய்வதில்லை என்று ஆயரான தொடக்கத்திலேயே தீர்மானித்துக்கொண்டதாக அவர்களுக்குக் கடிதம் எழுதினார். 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய துறவு ஒழுங்கின் 3ஆம் இயல் இன்னும் பொருத்தமானது. முக்கியமான காரியம் எதுவானாலும் மடத்துத் தலைவர் எல்லாச் சகோதரர்களையும் கூட்டி விவரத்தைச் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். பிறகு தனியே எண்ணிப் பார்த்துத் தாமே முடிவெடுக்க வேண்டும். எல்லாரையும் கூப்பிடச் சொல்வதற்கு அவர் தரும் காரணம், எது சிறந்தது என்பதை ஆண்டவர் பலமுறை இளையவருக்கே வெளிப்படுத்துகிறார் என்பது. முடிவு ஒருவருடையது, ஆனால் கேட்பது கட்டாயம். ஆலோசனை வாக்கு என்ற சொல்லின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நான் வகுப்புகளில் சொல்வதுண்டு.

இன்றைய சட்டத் தொகுப்பின் 127ஆம் எண் இதே மனப்போக்கைச் சட்டமொழியில் சொல்கிறது. யாரிடமேனும் ஆலோசனை கேட்க வேண்டும் என்று சட்டம் விதித்திருக்கும்போது கேட்காமல் செய்தால் அந்தச் செயல் செல்லாது. கேட்டபின், அந்த ஆலோசனை ஒருமனதாகவே இருந்தாலும் அதை ஏற்றாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனாலும், குறிப்பாக அது ஒருமனதாக இருக்கும்போது, அதைவிடக் கனமான காரணம் இல்லாமல் அதற்கு மாறாகச் செய்யக்கூடாது. ஆலோசனை சொல்பவர்களுக்கும் அங்கே ஒரு கடமை உண்டு: உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும், தேவையான இடத்தில் இரகசியம் காக்க வேண்டும். ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். பங்குத்தந்தை இன்ன காரியத்தைச் செய்யுமுன் பேரவையைக் கேட்டாக வேண்டும் என்று உலகளாவிய சட்டம் எங்கும் பட்டியலிடவில்லை. ஆகவே 127ஆம் எண்ணைக் காட்டி, "நீங்கள் செய்தது செல்லாது" என்று அவரிடம் வாதிட முடியாது. உங்கள் மறைமாவட்ட விதிமுறைகள் அப்படி எதையாவது கட்டாயமாக்கியிருந்தால் நிலைமை வேறு. அந்த எண்ணின் உணர்வு, அதாவது எண்ணி உரைக்கப்பட்ட ஆலோசனையைத் தக்க காரணமில்லாமல் ஒதுக்கக்கூடாது என்பது, பேரவைக்கும் பொருந்தும் என்று நான் கருதுகிறேன். இது என் கருத்து. சட்டத்தின் வாசகம் என்று இதை நீங்கள் வெளியே சொல்ல வேண்டாம்.

உங்கள் கேள்வியில் நீங்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போன ஒரு வரிதான் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது: 'அதைச் சீரமைக்கவென்று நிதியும் திரட்டப்பட்டிருக்கிறது.' 1267ஆம் எண்ணின் மூன்றாம் பத்தி, இறைமக்கள் ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காகக் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்கிறது. வாக்கெடுப்பில் 14 பேரா 3 பேரா என்பதோடு இதற்குத் தொடர்பே இல்லை. கூரைக்கென்று கொடுத்த பணம் கூரைக்கே சேர வேண்டும். பேரவை முழுவதும் சமூகக்கூடத்துக்கு வாக்களித்திருந்தாலும் அது மாறியிராது. ஆகவே முதலில் தெளிய வேண்டியது, அந்தப் பணம் எந்தச் சொற்களோடு கேட்கப்பட்டது என்பது. திருப்பலியில் வாசித்த அறிவிப்பில் என்ன எழுதியிருந்தது? ரசீதில் 'கூரைச் சீரமைப்பு நிதி' என்று இருக்கிறதா, 'ஆலய வளர்ச்சி நிதி' என்று இருக்கிறதா? பின்னது என்றால் பங்குத்தந்தைக்குச் சட்டப்படி இடம் விரிவாகிறது. முன்னது என்றால் அவர் அந்தப் பணத்தைத் தொடாமல், வேறு நன்கொடையிலிருந்து கூடம் கட்டுகிறாரா என்று பார்க்க வேண்டும். அப்படியும் இருக்கலாம். ஒருவர் தனியாகக் கூடத்துக்கென்றே பெருந்தொகை கொடுத்து, தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருப்பது நான் ஒருமுறைக்கு மேல் கண்ட ஒன்று. அங்கே பேரவை ஊகித்தது ஒன்று, நடந்தது வேறொன்று.

அடுத்தது 1281ஆம் எண். வழக்கமான நிர்வாகத்தின் எல்லையைத் தாண்டிய செயல்களுக்கு ஆயரின் எழுத்துமூல அனுமதி முன்கூட்டியே தேவை. இல்லாவிட்டால் அச்செயல் செல்லாது. எது வழக்கமானது, எது அதைத் தாண்டியது என்பதை மறைமாவட்டமே பெரும்பாலும் தொகையாகவும் வகையாகவும் வரையறுத்திருக்கும். புதிதாக ஒரு கூடம் கட்டுவது அந்த எல்லையைத் தாண்டுமா என்பது உங்கள் மறைமாவட்ட விதிமுறைகளில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் நான் தாண்டும் என்றோ தாண்டாது என்றோ சொல்வது பொறுப்பற்ற பேச்சாகும். பங்குத்தந்தை ஆண்டுதோறும் கணக்கை ஆயருக்கு அனுப்ப வேண்டும் என்று 1287ஆம் எண் சொல்கிறது. மக்கள் கொடுத்ததற்கு மக்களிடமே கணக்குச் சொல்ல வேண்டும் என்பதும் அதே எண்ணில் இருக்கிறது. எப்படி, எப்போது என்பதை அந்தந்த மறைமாவட்டத்தின் தனிச்சட்டம் வகுக்கும். கணக்கைக் கேட்பது குருவை அவமதிப்பது என்ற எண்ணம் நம்மில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கணக்கு ஒழுங்காக இருக்கும்போது சந்தேகத்திலிருந்து முதலில் காப்பாற்றப்படுபவர் குருதான். என் 18 ஆண்டுப் பணியில் எந்த ஐயமுமின்றிக் கண்ட உண்மை இது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பேரவை, நிதிக்குழு என்ற இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்ட பங்குகள் ஏராளம். பேரவைக் கூட்டத்தின் முக்கால் பங்கு நேரம் சுண்ணாம்பு, ஒலிபெருக்கி, நாற்காலி வாடகை என்று போய்விடும். யார் வீட்டில் நோயாளி தனியாகக் கிடக்கிறார், திருமணத்துக்குப் பின் ஆலயத்துக்கு வராமல் போன இளையோர் எங்கே என்ற பேச்சுக்குக் கடைசிப் பத்து நிமிடம்கூட மிஞ்சாது. பேரவையின் வேலை இரண்டாவது வகைதான். உலகெங்கும் உள்ள ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் பொதுநிலையினரின் திருத்தூதுப்பணி பற்றி வெளியிட்ட விதித்தொகுப்பின் 26ஆம் எண், மறைமாவட்ட அளவிலும், இயன்றால் பங்கு அளவிலும் மன்றங்கள் வேண்டும் என்று கேட்டபோது, நற்செய்தி அறிவிப்பையும் அறப்பணியையும் சமூகப் பணியையும்தான் அவற்றின் களமாகச் சொன்னது. கட்டட வேலை பேரவையின் காதுக்கு வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கூடம் யாருக்காக, எதற்காக என்பது மேய்ப்புப்பணிக் கேள்வி, அது பேரவைக்கு உரியது. எந்தப் பணத்தில், எவ்வளவில் என்பது நிதிக்குழுவுக்கு உரியது. உங்கள் பங்கில் நிதிக்குழு இருக்கிறதா, அது இதைப் பார்த்ததா என்று நீங்கள் எழுதவில்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் அதைத்தான் விசாரிப்பேன்.

பேரவையால் என்ன செய்ய முடியும் என்ற இரண்டாவது கேள்விக்கு, என் கண்முன் நடந்த ஒன்றைச் சொல்வதே நல்ல பதிலாக இருக்கும். நான் செயலராக இருந்த பேரவையில், ஞாயிறு காலை 6 மணித் திருப்பலியை நிறுத்தலாமா என்ற கேள்வி வந்தது. ஒரே குரு, வயதும் ஆகிவிட்டது, 6 மணிக்கு வருகிறவர்களும் குறைவு; 8 மணித் திருப்பலி ஒன்று போதும் என்று 11 பேர் கையுயர்த்தினார்கள், 4 பேர் வேண்டாம் என்றார்கள். பங்குத்தந்தை ஆதரவாகவும் பேசவில்லை, மறுக்கவும் இல்லை. "ஒரு மாதம் பொறுப்போம், வருகிறவர்களைக் கேட்டுவிட்டு வாருங்கள்" என்றார். கூட்டங்களில் அதிகம் வாய் திறக்காத ஒரு பெண்மணி அந்த வேலையை ஏற்றுக்கொண்டார். நான்கு ஞாயிறுகள், பள்ளிப் பிள்ளைகள் எழுதும் கோடுபோட்ட நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, திருப்பலி முடிந்ததும் வாசலில் நின்றார். பென்சிலால் மூன்று கட்டம் போட்டிருந்தார்: ஏன் இந்த நேரம், எதில் வருகிறீர்கள், வேறு நேரம் முடியுமா. மூன்றாவது கட்டம்தான் எங்கள் முடிவை மாற்றியது. 63 பேரில் 41 பேர் 'முடியாது' என்று சொல்லியிருந்தார்கள். இரவுப் பணி முடிந்து நேராக ஆலயத்துக்கு வரும் செவிலியர்கள், படுத்த படுக்கையாக இருக்கும் தாயைக் கணவர் வேலைக்குக் கிளம்புமுன் ஒரு மணிநேரம் பார்த்துக்கொள்வதால் அந்த நேரத்தில் மட்டும் வீட்டைவிட்டு வரக்கூடியவர், பேருந்து ஓட்டுநர், ஞாயிறும் வேலைநாளான கடைச் சிப்பந்திகள். இவர்களில் ஒருவர்கூடப் பேரவையில் இல்லை. அடுத்த கூட்டத்தில் அந்த நோட்டு வாசிக்கப்பட்டபோது முதலில் கையுயர்த்திய 11 பேரில் ஒருவர்கூட வாதிடவில்லை. 6 மணித் திருப்பலி நிலைத்தது. குருவின் சுமையைக் குறைக்க வாரநாள் மாலைத் திருப்பலிகளில் ஒன்று எடுக்கப்பட்டது.

இதை நான் சொல்வது உங்கள் 14 வாக்கைச் சிறுமைப்படுத்த அல்ல. பேரவையின் பலம் கைகளின் எண்ணிக்கையில் இல்லை, பங்குத்தந்தைக்குத் தெரியாத ஒன்றை அவர் முன்னால் கொண்டுவந்து வைப்பதில் இருக்கிறது என்பதைச் சொல்லத்தான். '14க்கு 3' என்று மட்டும் எழுதிய குறிப்பை ஒருவர் எளிதில் மடித்து வைத்துவிடலாம். எந்த இடத்தில் கூரை ஒழுகுகிறது, மழைநாளில் எத்தனை இருக்கைகள் காலியாகின்றன, மின்கம்பி ஓடும் பக்கத்தில் நீர் இறங்குகிறதா, ஓராண்டு தள்ளிப்போட்டால் சேதம் எவ்வளவு கூடும் என்று கட்டடம் தெரிந்த ஒருவர் எழுதிக் கையெழுத்திட்ட இரண்டு பக்கத்தை அப்படி மடித்து வைக்க முடியாது. அறிவும் திறமையும் உள்ள பொதுநிலையினர் திருஅவையின் நலன் பற்றிய தம் கருத்தை மேய்ப்பர்களிடம் சொல்ல உரிமையும், சில வேளைகளில் கடமையும் உடையவர்கள் என்று 212ஆம் எண் சொல்கிறது. அறிவும் முன்மதியும் நேர்மையும் மிக்க பொதுநிலையினர் மேய்ப்பர்களுக்கு வல்லுநர்களாகவும் ஆலோசகர்களாகவும் துணைநிற்கத் தகுதி உள்ளவர்கள் என்பது 228ஆம் எண். இரண்டு எண்களும் அறிவையும் திறமையையும் அடிப்படையாக வைத்தே பேசுகின்றன என்பதைக் கவனியுங்கள்.

எதிர்ப்பக்க அனுபவமும் எனக்கு உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ஒரு பங்கில் பயிற்சிக்குப் போயிருந்தபோது, அன்று மாலை நடக்கவிருந்த கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு காலையிலேயே தட்டச்சு செய்யப்பட்டுத் தயாராக இருப்பதைப் பார்த்தேன். உறுப்பினர்கள் வந்து கையெழுத்திட்டார்கள், தேநீர் குடித்தார்கள், போனார்கள். எந்தச் சட்ட எண்ணும் இதைத் தானாகத் தடுத்துவிடாது. கேட்பதற்கு மனம் இல்லாத இடத்தில் பேரவை ஒரு பெயர்ப்பலகையாகத்தான் இருக்கும். அதே நேரத்தில், பங்குத்தந்தையரைப் பயிற்றுவிக்கும்போது நான் காண்பது பெரும்பாலும் ஆணவம் அல்ல, அச்சம். முப்பது வயதில் ஆயிரக்கணக்கானோரின் பொறுப்பை ஏற்பவருக்கு, ஒருமுறை விட்டுக்கொடுத்தால் எல்லாம் கைமீறிப் போய்விடுமோ என்ற கவலை இருக்கிறது. முந்தைய பங்கில் ஏதோ ஒரு குழு படுத்திய பாட்டை இந்தப் பங்குக்கும் சுமந்துகொண்டு வந்தவர்களும் உண்டு. அவர் சொன்ன 'நான்தான் முடிவெடுப்பேன்' என்பதன் பின்னால் எது இருக்கிறது என்று அருகிலிருக்கும் உங்களுக்குத்தான் தெரியும்.

சிலர் 2024ஆம் ஆண்டு ஆவணத்தைப் பற்றி உங்களிடம் சொல்லியிருக்கக்கூடும். திருஅவையில் எல்லாரும் கலந்து பேசி இணைந்து நடப்பது எப்படி என்று ஆராய 2021இல் தொடங்கிய கூட்டொருங்கியக்க மாமன்றம் 2024 அக்டோபரில் தன் இறுதி ஆவணத்தை வெளியிட்டது. திருத்தந்தை பிரான்சிஸ் வழக்கம்போல் தனியாக ஒரு திருத்தூது ஊக்கவுரை எழுதாமல் அதையே ஏற்று வெளியிட்டார். ஆயரின் முடிவெடுக்கும் அதிகாரம் மீறப்படக்கூடாதது என்றாலும், முறையான கலந்தாலோசனையில் தெளிந்து வந்த திசையை அந்த அதிகாரம் புறக்கணிக்கக் கூடாது என்று அது சொல்கிறது. 'ஆலோசனை வாக்கு மட்டுமே' என்ற சட்டச்சொல்லை மறுபரிசீலனை செய்யக் கேட்கிறது. பங்கு, மறைமாவட்டப் பேரவைகளைக் கட்டாயமாக்க வேண்டும் என்கிறது. பேரவை உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் பங்குத்தந்தையாலோ ஆயராலோ தெரிவு செய்யப்படாமல் வேறு முறையில் வர வேண்டும் என்றும் பரிந்துரைக்கிறது. இது பெரிய நகர்வு. எனக்கு இதில் உண்மையான மகிழ்ச்சி உண்டு. ஆனால் அந்த ஆவணம் வந்ததால் மட்டுமே 536ஆம் எண்ணின் வாசகம் மாறிவிடவில்லை. சட்டத்தை மாற்றுவது தனி நடவடிக்கை. எனவே பங்குத்தந்தையிடம் இதைக் கட்டளையாகக் காட்டாதீர்கள். திருஅவை எந்தத் திசையில் நடக்கக் கேட்கிறது என்பதற்குச் சான்றாக, பேரவையில் எல்லாரும் சேர்ந்து வாசிக்கலாம். கூட்டத்தின் தொடக்கத்தில் கால்மணி நேரம் அதற்கு ஒதுக்கிய பேரவைகளில் பேச்சின் தொனியே மாறியதைப் பார்த்திருக்கிறேன்.

மேலிடத்துக்குப் போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். போகலாம், ஆனால் படிப்படியாக. முதலில் பங்குத்தந்தையைத் தனியாகச் சந்தியுங்கள், கூட்டமாகப் போகாதீர்கள்; பலர் முன்னிலையில் பின்வாங்க யாருக்கும் கடினம். அங்கே குற்றம் சாட்டாமல் ஒன்றை மட்டும் கேளுங்கள்: பேரவை சொன்னதற்கு மாறாக முடிவெடுத்ததன் காரணத்தை அடுத்த கூட்டத்தில் சொல்ல முடியுமா? காரணம் சொல்லப்பட்டு அது உங்களுக்குப் பிடிக்காமல் போனாலும், ஆலோசனை கேட்கப்பட்டது என்ற மரியாதை அதில் இருக்கிறது. அதற்கும் வழியில்லையென்றால், நிதி சார்ந்த பகுதியை நிதிக்குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். பிறகு, அருகருகே உள்ள சில பங்குகள் சேர்ந்த மறைவட்டத்தின் முதன்மைக் குரு. 555ஆம் எண், தம் வட்டத்தில் திருஅவைச் சொத்துகள் கவனமாகப் பேணப்படுகின்றனவா என்று பார்ப்பதை அவருடைய பொறுப்பாக்குகிறது. அதற்குப் பின்புதான் ஆயர். கூரை நிதி உண்மையாகவே கூடத்துக்குப் போயிருந்து, யாரும் பதில் சொல்லாவிட்டால், ஆயருக்கு எழுதுவதில் எந்தத் தவறும் இல்லை. அவரிடம் அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். தேதி, தொகை, அறிவிப்பின் நகல், ரசீதின் நகல் இருக்கட்டும். குருவின் குணத்தைப் பற்றிய ஒரு சொல்லும் வேண்டாம்.

கடைசியாக, விலகுவதா என்ற கேள்வி. இப்போதே விலகாதீர்கள் என்பது என் ஆலோசனை. பதவிக்காலம் பெரும்பாலும் மூன்று ஆண்டுகளாக இருக்கும். உங்களுக்கு அப்படியென்றால் ஓராண்டு மீதமிருக்கிறது. பங்குத்தந்தை மாறினால் பேரவை கலையுமா தொடருமா என்பதையும் உலகளாவிய சட்டம் சொல்லவில்லை. மறைமாவட்டத்துக்கு மறைமாவட்டம் அது வேறுபடும். ஆகவே இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றே. மறைமாவட்ட அலுவலகத்தில் பங்குப் பேரவை விதிமுறைகளையும் பங்கு நிதிக்குழு விதிமுறைகளையும் கேட்டு வாங்குங்கள். அது இரகசிய ஆவணமல்ல. வாங்கியதும் நான்கு இடங்களைப் பாருங்கள்: எந்தெந்தக் காரியங்களில் பேரவையைக் கேட்டாக வேண்டும் என்று இருக்கிறதா, எந்தத் தொகைக்கு மேல் ஆயரின் எழுத்துமூல அனுமதி தேவை, நிகழ்ச்சிநிரலில் ஒரு பொருளைச் சேர்க்க உறுப்பினர்களுக்கு வழி உண்டா, மக்களுக்குக் கணக்கு வாசிப்பது எப்போது. அந்த நான்கையும் குறித்துக்கொண்டு, கூரையைப் பற்றிய இரண்டு பக்க அறிக்கையோடு அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். விதிமுறைகளில் அந்தப் பகுதிகள் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று தெரிவித்தால், அவற்றைப் படித்துவிட்டு மேற்கொண்டு எழுதுகிறேன்.